படிக்கல் யாருடையது?

2021 ஏப்ரல் 1 அன்று கோட்கோவ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் டெர்மினலில் ஒரு சின்ன வேலை செய்தார். அந்த நிறுவனம் தரும் ‘பாஷ் அப்லோடர்’ என்ற நிரலை இறக்கி, அதன் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டார். அதே நிரலுக்கு நிறுவனம் கிட்ஹப்பில் வெளியிட்டிருந்த எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார்.

அவர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிரலாளர்கள் எழுதும் சோதனைகள் ஒரு மென்பொருளின் எந்தெந்தப் பகுதியைத் தொடுகின்றன என்று அளந்து சொல்வது கோட்கோவின் தொழில். அதற்காகப் பல நிறுவனங்களின் சர்வர்கள் இந்த நிரலை ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கி, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தன. டாக்கர் படிமம் தயாரிக்கும் முறையில் நேர்ந்த ஒரு பிழையால் கோட்கோவின் சாவி ஒன்று வெளியாரிடம் சிக்கியது. அதைக் கொண்டு ஜனவரி 31 முதல் அவ்வப்போது அந்த நிரலை மாற்றிவந்திருக்கிறார்கள். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நிரல் ஓடும் சர்வரின் சூழல் மாறிகளை, அதாவது கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் வழக்கமாக வைக்கப்படும் இடத்தை, அப்படியே வாரி வெளியே உள்ள ஒரு முகவரிக்கு அனுப்பும் ஒரே ஒரு வரி. இரண்டு மாதம் அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த இரண்டு மாதமும் சரியான எண் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது.

இறக்கிய கோப்பைச் சரிபார்ப்பது பற்றி எத்தனையோ வழிகாட்டிகள் உண்டு. கட்டளை இது, எண் பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் மறுபடி இறக்கு என்பதோடு பெரும்பாலானவை முடிந்துவிடும். பொருந்தியது என்றால் எது உறுதியாகிறது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. சந்தையில் எடை போட்டு வாங்குபவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தராசு கடைக்காரருடையது, படிக்கல்லும் அவருடையது என்றால், முள் நடுவில் நிற்பதை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வரமுடியும்? கோட்கோவ் வாடிக்கையாளரின் கையில் இருந்தது வேறு இடத்திலிருந்து வந்த படிக்கல். நிரல் நிறுவனத்தின் சேமிப்பகத்திலிருந்து வந்தது, எண் கிட்ஹப்பிலிருந்து வந்தது. திருடியவர்கள் கைக்கு முதல் இடம் எட்டியது, இரண்டாவது எட்டவில்லை. அன்று கோப்பு பிடிபட்டதற்கு இதுதான் காரணம். இந்தக் கட்டுரை முழுக்க நான் பேசவிருப்பதும் இதைப் பற்றித்தான்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். ஒரு கோப்பு எத்தனை பெரிதாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு பைட்டையும் வரிசையாக அரைத்து, குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண்ணாகத் தருவது ஹேஷ் சார்பு. ஷா256 தருவது 256 பிட் எண். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து 64 இடங்களில் அதை எழுதுவார்கள். 4 ஜிபி கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 இடங்களும் ஏறக்குறைய முழுவதுமாக வேறாகிவிடும். ‘கிட்டத்தட்டப் பொருந்தியது’ என்ற நிலையே இதில் கிடையாது.

எல்லா எண்களும் ஒரே தரம் அல்ல. சிஆர்சி32 போன்ற பழைய சரிபார்ப்பு எண்கள் கம்பியில் வரும் இரைச்சலைப் பிடிக்க வகுக்கப்பட்டவை. வேண்டுமென்றே ஏமாற்றுபவரை அவை தடுக்காது. கோப்பின் வாலில் நான்கு பைட் ஒட்டினால் போதும், விரும்பிய சிஆர்சி எண்ணை வரவழைத்துவிடலாம். 1990களின் தொடக்கத்தில் ரான் ரிவெஸ்ட் உருவாக்கிய எம்டி5 நீண்ட காலம் தரவிறக்கப் பக்கங்களை ஆண்டது. 2004-இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 எண்ணைத் தரும் இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களைக் காட்டினார்கள். 2012-இல் வெளிப்பட்ட ‘ஃபிளேம்’ என்ற உளவு நிரல் அதே பலவீனத்தைப் பயன்படுத்தி, மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் போலத் தோன்றும் போலி ஒன்றோடு உலவியது. ஷா1-இன் முறை 2017 பிப்ரவரியில் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் சேர்ந்து ஒரே ஷா1 எண்ணுள்ள இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன.

இங்கே ஒரு நுணுக்கம் அடிக்கடி குழப்பப்படுகிறது. வாங் குழு செய்தது, ஒரே எண் வரும்படி இரண்டு கோப்புகளையும் தாங்களே வடிவமைத்தது. அதை மோதல் என்பார்கள். நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கோப்பு இருக்கிறது, அதன் எண்ணுக்குப் பொருந்தும்படி வேறொரு கெட்ட கோப்பைச் செய்ய வேண்டும் என்பது அதைவிடப் பன்மடங்கு கடினமான வேலை. எம்டி5-க்குக்கூட அது இன்றுவரை நடைமுறையில் சாத்தியமாகவில்லை. எனவே பழைய காப்பகம் ஒன்றில் எம்டி5 மட்டுமே கிடைக்கிறது என்றால் அதையாவது பாருங்கள், பயனற்றது என்று தள்ளிவிட வேண்டாம். ஆனால் கோப்பைத் தயாரித்தவரே நேர்மையற்றவர் என்றால் மோதல் போதும். தணிக்கை செய்பவருக்கு ஒன்றையும் நமக்கு இன்னொன்றையும் கொடுத்துவிட்டு, ஒரே எண்ணைக் காட்டலாம். 2001-இலிருந்து இருக்கும் ஷா2 குடும்பம் இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. புதிதாக வெளியிடுபவர் எம்டி5-ஐத் தொடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இனி டெர்மினல். லினக்ஸில் ‘ஷா256சம்’ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் எண் வந்துவிடும். மேக்கில் ‘ஷாசம் -ஏ 256’. விண்டோஸில் பவர்ஷெல் திறந்து ‘கெட்-ஃபைல்ஹேஷ்’. பழைய கட்டளைச் சாளரமே பழக்கம் என்றால் ‘செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்’ போட்டு, கோப்பின் பெயருக்குப் பின் ஷா256 என்று சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்க மறந்தால் செர்ட்யூட்டில் ஷா1-ஐக் கணக்கிடும். மேக்கின் ஷாசமும் 256 என்று சொல்லாவிட்டால் அதையேதான் செய்யும். எண் பொருந்தவில்லையே என்று பதறி என்னிடம் வந்தவர்களில் பலர், 64 இட எண்ணோடு 40 இட எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீளத்தை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். 32 என்றால் எம்டி5, 40 என்றால் ஷா1, 64 என்றால் பெரும்பாலும் ஷா256, 128 என்றால் ஷா512.

எண்ணைத் திரையில் வரவழைத்துக் கண்ணால் ஒப்பிடுவது பாதி வேலைதான். நாம் எல்லோரும் முதல் நான்கு எழுத்தைப் பார்ப்போம், கடைசி நான்கைப் பார்ப்போம், நடுவில் கண் வழுக்கிக்கொண்டு போகும். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேரை உட்காரவைத்து, அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று கருவி கொண்டு கவனித்தார்கள். ஓரளவு ஒத்திருக்கும்படி மாற்றிய எண்ணை மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிடிக்கத் தவறினார்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் சேர்ந்தால் 32 பிட், அதாவது ஏறக்குறைய 429 கோடி வாய்ப்புகள். விளையாட்டுக்காக வாங்கிய ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்கு நூறு கோடிக்கும் மேல் ஷா256 கணக்குகள் போடும். நம் கண் பார்க்கும் எட்டு இடங்களை மட்டும் பொருத்திக்காட்ட, மோசடி செய்பவருக்கு ஒரு காபி குடிக்கும் நேரம்கூட வேண்டாம்.

ஒப்பிடும் வேலையையும் கணினியிடமே விட வேண்டும். அதற்குத்தான் ‘-சி’ இருக்கிறது. உபுண்டு போன்றவை ஷா256சம்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய உரைக்கோப்பு தருகின்றன. ஒவ்வொரு வரியிலும் 64 இட எண், பிறகு இரண்டு இடைவெளி அல்லது ஓர் இடைவெளியும் ஒரு நட்சத்திரக் குறியும், பிறகு கோப்பின் பெயர். ‘ஷா256சம் -சி ஷா256சம்ஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் தானே கணக்கிட்டு, பெயருக்கு எதிரே ‘ஓகே’ அல்லது ‘ஃபெயில்டு’ என்று எழுதும். பட்டியலில் பத்து கோப்பு இருந்து நாம் ஒன்றை மட்டும் இறக்கியிருந்தால் ‘--இக்னோர்-மிஸ்ஸிங்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சரியென்றால் கட்டளை 0 என்ற வெளியேறு எண்ணைத் திருப்பித் தரும், ஒன்று தவறினாலும் 1. ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இந்த 0-தான் உயிர். சரிபார்ப்பு தோற்றால் அடுத்த வரிக்குப் போகவே கூடாது என்று கட்டிவைக்க முடிவது இதனால்தான்.

இந்த எளிய வரி வடிவம் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. எண்ணை நகலெடுத்துத் தாங்களே வரியை எழுதுபவர்கள் ஒரே ஒரு இடைவெளி விடுவார்கள், ‘சரியான வடிவில் எந்த வரியும் இல்லை’ என்று கட்டளையின் சில பதிப்புகள் முறையிடும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிச் சேமித்த பட்டியலில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ் கட்டளையின் பழைய பதிப்புகள் அதையும் கோப்புப் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். கோப்பு கண்ணெதிரே கிடக்க, இல்லை என்று சொன்னால் யாருக்கும் தலை சுற்றும்.

சில எண்களை மனதில் வைத்திருப்பது பலன் தரும். காலிக் கோப்பின் ஷா256 எப்போதும் ஒன்றுதான்: இ3பி0சி442 என்று தொடங்கி பி855 என்று முடியும். அதன் எம்டி5 டி41டி8சிடி98 என்று தொடங்கும். இவற்றில் ஒன்று திரையில் வந்தால் யாரும் தாக்கவில்லை, கோப்பில் பூஜ்ஜியம் பைட் இருக்கிறது, தரவிறக்கம் நடக்கவே இல்லை என்று பொருள்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முப்பது கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவப் போயிருந்தேன். கையில் இருந்தது முந்தின இரவு இறக்கிய ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் கோப்பு. நிறுவல் பாதி தூரம் போகும், பிறகு எழுத்துரு தொகுப்பு ஒன்றில் நின்றுவிடும். டிவிடியைக் குறை சொன்னோம், புதிதாக எழுதினோம். டிவிடி டிரைவைக் குறை சொன்னோம், பென்டிரைவுக்கு மாறினோம். மதியச் சாப்பாட்டு நேரம் வரை இப்படியே போனது. பக்கத்தில் நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், “சார், டவுன்லோட் பண்ண ஃபைல் முழுசா வந்துச்சானு செக் பண்ணீங்களா?” என்று கேட்டார். கட்டளையை அங்கேயே தட்டினேன். பழைய கணினி, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. எண் பொருந்தவில்லை. இரவில் இணைப்பு விட்டுவிட்டு வந்ததில், இறக்கி மென்பொருள் துண்டுகளைத் தவறாகத் தைத்திருந்தது. ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் ஒரு முழுக் காலை போனது. அந்தப் பெண்ணிடம் அன்று கற்றதை நான் பிறகு விட்டதே இல்லை.

இது செக்சமின் முதல் பயன். கோப்பு முழுதாக, சிதையாமல் வந்ததா? இணையம் தானே பிழைகளைத் திருத்திக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வைப்பது வெறும் 16 பிட் எண். ஜொனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 1.6 கோடி முதல் 1,000 கோடி பொட்டலங்களுக்கு ஒன்று என்ற அளவில் சிதைந்த பொட்டலம் அந்த எண்ணைத் தாண்டி உள்ளே வந்துவிடக்கூடும் என்று கணித்தார்கள். 4 ஜிபி கோப்பு சுமார் 27 லட்சம் பொட்டலமாக வருகிறது. இன்று எச்டிடிபிஎஸ் வழியே வரும்போது பாதையில் நேரும் சிதைவு பிடிபட்டுவிடும். ஆனால் பாதியில் நின்ற இறக்கம், பழுதான ரேம், போலிக் கொள்ளளவு எழுதி விற்கப்படும் பென்டிரைவ் இவை எதையும் எச்டிடிபிஎஸ் பார்ப்பதில்லை. விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமிக்கப்படுவதும் உண்டு. எண் பொருந்தாதபோது கோப்பின் அளவைப் பாருங்கள், ‘ஃபைல்’ என்ற கட்டளையால் அது என்ன வகை என்று கேளுங்கள். 12 கிலோபைட் வலைப்பக்கம் என்று பதில் வந்தால் கதை தெரிந்துவிடும்.

பொருந்தாமை என்றாலே தாக்குதல் என்றும் இல்லை. 2023 ஜனவரி 30 அன்று உலகெங்கும் பல கட்டுமான முறைகள் ஒரே நேரத்தில் ‘செக்சம் தவறு’ என்று நின்றன. கிட்ஹப் தானாகத் தயாரித்துத் தரும் மூலநிரல் தொகுப்புகளைச் சுருக்கும் விதத்தை மாற்றியிருந்தது. உள்ளே இருந்த கோப்புகள் ஒரு எழுத்தும் மாறவில்லை, வெளிச் சுருக்கம் மட்டும் வேறு பைட்டுகளாக வந்தது. கிட்ஹப் சில மணி நேரத்தில் பழைய முறைக்குத் திரும்பியது. அன்று நின்றுபோன கட்டுமானங்கள் பிழை செய்யவில்லை. கேட்டது வேறு, வந்தது வேறு என்று சொல்லி நின்றன. அதுதான் அவற்றின் கடமை.

இரண்டாவது கேள்வி கடினமானது. வந்த கோப்பு, தயாரித்தவர் வெளியிட்டதுதானா? 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மிண்ட் தளத்துக்குள் நுழைந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் தரவிறக்கச் சுட்டியைப் பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வருக்குத் திருப்பினார்கள். அங்கே கொல்லைப்புறக் கதவு பொருத்திய ஐஎஸ்ஓ காத்திருந்தது. மிண்ட் தளம் எம்டி5 எண்களை வெளியிட்டுவந்ததுதான். ஆனால் சுட்டியை மாற்றும் அதிகாரம் கிடைத்தவருக்கு, அதே தளத்தில் எழுதியிருக்கும் எண்ணை மாற்றுவது என்ன பெரிய காரியம்? தாக்குதலுக்குப் பொறுப்பேற்றவர், எண்ணையும் மாற்றிவைத்ததாகப் பிறகு ஒரு செய்தியாளரிடம் சொன்னார். அந்த எண்ணை நம்பிச் சரிபார்த்தவருக்கு ‘ஓகே’ வந்திருக்கும். படிக்கல்லும் திருடியவர் கையில்.

இதற்கு நேர் எதிராக 2002 ஆகஸ்ட் 1 நிற்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் கோப்புச் சர்வரில் இருந்த ஓபன்எஸ்எஸ்எச் 3.4பி1 தொகுப்பை யாரோ மாற்றியிருந்தார்கள். தொகுத்து உருவாக்கும்போதே, அந்தக் கணினியிலிருந்து ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு முகவரிக்கு மணிக்கொரு முறை அழைப்பு போகும். கண்டுபிடித்தது ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் தரப்பு. அவர்களுடைய ‘போர்ட்ஸ்’ தொகுப்பில் ஒவ்வொரு மென்பொருளுக்கும், முதன்முதலில் பார்த்தபோது இருந்த எம்டி5 எண் குறித்துவைக்கப்பட்டிருக்கும். மூலச் சர்வரை உடைத்தவர்களுக்கு, உலகெங்கும் ஏற்கெனவே சிதறிக் கிடந்த அந்தக் குறிப்புகளைத் திருத்த வழியில்லை. காலமும் ஒரு தனி வழிதான் என்பது எனக்கு இந்த நிகழ்ச்சியில் விளங்கியது. கோப்பு நல்லதாக இருந்த நாளில் எழுதிவைத்த எண், கெட்டுப்போன நாளில் சாட்சிக்கு வருகிறது.

2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மென்பொருளின் இரண்டு தரவிறக்கச் சர்வர்களில் ஒன்று மட்டும் தாக்கப்பட்டது. மே 2 முதல் 6 வரை மேக் பதிப்பை இறக்கியவர்களுக்கு, கோப்பு கெட்டதாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பாதித்தவர்களில் பானிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ஒருவரும் உண்டு. அவர் கணினி வழியே அந்த நிறுவனத்தின் மூலநிரல்கள் களவுபோயின. கணினியே தொழிலாகக் கொண்டவரும் அன்று எண்ணைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மில் யார் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம்? அப்படித்தான் 2009 நவம்பரில் மாற்றப்பட்ட அன்ரியல்ஐஆர்சிடி என்ற அரட்டைச் சர்வர் தொகுப்பு 2010 ஜூன் வரை பிடிபடாமல் இருந்தது.

2019 நவம்பர் 18 அன்று மொனேரோ நாணயத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பணப்பை மென்பொருள் மாற்றப்பட்டபோது நிலைமை வேறு. ஒரு பயனர் இறக்கினார், ஷா256 கணக்கிட்டார், பொருந்தவில்லை, உடனே கிட்ஹப்பில் எழுதினார். கெட்ட கோப்பு ஒரு நாளுக்குள் அகற்றப்பட்டது. மொனேரோ குழு எண் பட்டியலை ஜிபிஜி என்ற கருவியால் இட்ட கையொப்பத்தோடு வெளியிட்டுவந்ததால், தளத்துக்குள் புகுந்தவரால் பட்டியலைத் தம் விருப்பப்படி எழுதிக் கையொப்பமிட முடியாது.

கையொப்பம் தீர்ப்பது, படிக்கல்லும் திருடியவர் கையில் போய்விடும் அந்தச் சிக்கலைத்தான். எண் எந்த வழியாக வந்தாலும், அதைத் தயாரித்தவரின் ரகசியச் சாவி முத்திரையிட்டிருக்க வேண்டும். 2011-இல் விஎஸ்எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்றச் சர்வரின் 2.3.4 தொகுப்பில், பயனர் பெயரில் சிரிப்புக் குறி ஒன்றைச் சேர்த்தால் 6200-ஆம் போர்ட்டில் கதவு திறக்கும்படி மாற்றியிருந்தார்கள். மாற்றிய அந்தத் தொகுப்போடு கையொப்பம் பொருந்தவில்லை. செய்முறையில் இரண்டு படி. ‘ஜிபிஜி --வெரிஃபை’ என்று எண் பட்டியலின் கையொப்பத்தை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பட்டியலைக் கொண்டு ‘ஷா256சம் -சி’. வரிசை மாறினாலும் விடை ஒன்றுதான். ஆனால் முதல் படியை விட்டுவிட்டால் மிண்ட் தளத்தில் நின்ற நிலைக்கே திரும்பிவிடுவோம்.

ஜிபிஜி ‘நல்ல கையொப்பம்’ என்று சொன்ன கையோடு, இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஓர் எச்சரிக்கையும் தரும். புதியவர்கள் இதில் மிரண்டுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை உண்மையைத்தான் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் சாவி செய்துகொள்ளலாம். எனவே சாவியின் கைரேகையை, 40 இட எண்ணை, வேறொரு வழியில் உறுதிசெய்ய வேண்டும். பழைய கேள்வி ஒரு படி மேலே ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஏறியதில் லாபம் உண்டு. கோப்பின் எண் ஒவ்வொரு பதிப்புக்கும் மாறும், சாவி ஆண்டுக்கணக்கில் மாறாது. ஒருமுறை சிரமப்பட்டு உறுதிசெய்தால் பல பதிப்புகளுக்கு உதவும். சாவிகளைப் பொதுச் சாவிச் சர்வர்களில் தேடிப்பிடிக்கும் பழக்கமும் 2019-இல் பெரிய அடி வாங்கியது. யாரோ, சிலருடைய சாவிகளின் மேல் பல்லாயிரம் குப்பைக் கையொப்பங்களை ஒட்டி, அவற்றை இறக்குபவரின் ஜிபிஜியே திணறும்படி செய்தார்கள். ஓபன்பிஎஸ்டி 2014-இலேயே ஜிபிஜியை நாடாமல் ‘சிக்னிஃபை’ என்ற சின்னஞ்சிறு கருவியால் கையொப்பமிடத் தொடங்கியது. அதன் சாவி ஒரே வரியில் அடங்கும். அடுத்த பதிப்புக்கான பொதுச் சாவி இந்தப் பதிப்புக்குள்ளேயே வந்துவிடும். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் அதுவே தெளிவான ஏற்பாடு என்பது என் கருத்து.

சாவியே களவுபோனால்? கோட்கோவ் நிகழ்ச்சிக்கு மீண்டும் வர வேண்டும். அந்த ஒற்றை வரி வாரிச் சென்ற ரகசியங்களில், டெர்ராஃபார்ம் மென்பொருளைத் தயாரிக்கும் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் ஜிபிஜி சாவியும் அம்பலமானது. அவர்கள் தங்கள் வெளியீடுகளின் ஷா256 பட்டியலில் கையொப்பமிடும் சாவியேதான் அது. தவறாகப் பயன்பட்டதற்கு அடையாளம் இல்லை என்று அறிவித்து, சாவியை ரத்து செய்து, புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு சிறு நிரலை எவரும் சரிபார்க்காமல் ஓட்டியதால், லட்சக்கணக்கானோர் சரிபார்க்க நம்பியிருந்த முத்திரைக்கே ஆபத்து வந்தது.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதற்கு இந்தக் கட்டளைகளால் விடை சொல்லவே முடியாது. தயாரித்தவரின் கையிலேயே பொருள் கெட்டிருந்தால் என்ன செய்வது? 2017-இல் சிகிளீனர் என்ற கணினித் துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, கெட்ட நிரலைச் சுமந்து வெளியானது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் இருந்த கொல்லைப்புறக் கதவும் அதே வகை. ஆண்டுக்கணக்கில் உதவியாளராகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளைத் தம் சாவியாலேயே கையொப்பமிட்டு வெளியிட்டார். எண் பொருந்தும், கையொப்பமும் நல்லது என்றே வரும். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது ஏன் என்று ஃப்ராயிண்ட் விடாமல் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. வேலியே பயிரை மேயும்போது வேலியின் உயரத்தை அளந்து பயனில்லை.

ஆனால் எக்ஸ்இசட்டில் ஒரு தடயம் இருந்தது. கையொப்பமிட்ட தொகுப்பில் இருந்த ஒரு கட்டுமானக் கோப்பு, எல்லோருக்கும் தெரியும் கிட் களஞ்சியத்தில் இல்லை. தொகுப்பையும் களஞ்சியத்தையும் யாராவது வைத்து ஒப்பிட்டிருந்தால் கேள்வி எழுந்திருக்கும். டெபியனில் 2013 முதல் வளர்ந்துவரும் மறுஉருவாக்கக் கட்டுமான முயற்சி போவது இந்தத் திசையில்தான். ஒரே மூலநிரலிலிருந்து யார் எங்கே உருவாக்கினாலும் ஒவ்வொரு பைட்டும் ஒன்றாக வர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பிட்காயின் கோர் மென்பொருளில் பலர் தனித்தனியே தம் கணினியில் உருவாக்கி, கிடைத்த ஷா256 எண்களில் கையொப்பமிட்டு வெளியிடுகிறார்கள். படிக்கல் ஒருவரிடம் இல்லை, பலரிடம் இருக்கிறது. ஒருவரை வளைக்கலாம், அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் வளைப்பது கடினம்.

இத்தனையையும் மனிதர்கள் கையால் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்யவும் மாட்டார்கள். டெபியன், உபுண்டுவில் ‘ஆப்ட்’ ஒவ்வொரு தொகுப்பையும் கையொப்பமிட்ட பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே நிறுவுகிறது, நமக்குத் தெரிவதுகூட இல்லை. பைத்தானின் ‘பிப்’ கருவியில் ‘--ரிக்வயர்-ஹேஷஸ்’ உண்டு. கோ மொழி 2019 முதல் எல்லோருக்கும் பொதுவான ஒரு செக்சம் பதிவேட்டோடு ஒவ்வொரு தொகுப்பையும் ஒப்பிடுகிறது. ஆசிரியர் எனக்கு ஒன்றும் உங்களுக்கு வேறொன்றும் கொடுக்க முடியாதபடி அது பார்த்துக்கொள்கிறது. இவையெல்லாம் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் இத்தனை காவலும் உள்ள இயங்குதளத்தை நாம் முதன்முதலில் கணினியில் போடுவது ஓர் ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து. அந்த முதல் கோப்பைக் காக்க ஆப்ட் இல்லை, பிப் இல்லை. அதை நாமே கையால் பார்த்தாக வேண்டும். அதே போல, இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை ‘கர்ல்’ செய்து நேரே ‘பாஷ்’-க்குள் பாய்ச்சும் ஒற்றை வரியும் இந்தக் காவல் எதற்குள்ளும் வராது. கோட்கோவ் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட வரியைத்தான். அதை மூன்று வரியாக்கினால் போதும்: கோப்பாக இறக்கு, குறித்துவைத்த எண்ணோடு ‘-சி’ போட்டுப் பார், 0 வந்தால் மட்டும் ஓட்டு. நிரலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நிற்கும், யாராவது பார்த்துப் புதிய எண்ணை எழுத வேண்டியிருக்கும். அந்தத் தொந்தரவு வேண்டியதுதான்.

ஐஎஸ்ஓ விஷயத்தில் என் வழக்கம் பழையது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், நான் பயன்படுத்தும் விநியோகங்களின் சாவிக் கைரேகைகளைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். பத்துத் தொகுதி, தொகுதிக்கு நான்கு இடம். ஒவ்வொன்றையும் அன்று மூன்று இடங்களில் பார்த்த பிறகே எழுதினேன்: தளத்தில் ஒன்று, ஏற்கெனவே நிறுவியிருந்த கணினிக்குள் இருந்த சாவி ஒன்று, வேறு ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் தம் திரையைப் பார்த்துப் படித்தது ஒன்று. மிண்ட் சாவிக்கு எதிரே 2016 என்று ஆண்டு போட்டிருக்கிறது. போன வாரம் தங்கையின் மகனுக்குப் புதிய மடிக்கணினி வந்தது. அவன் டெர்மினலில் வந்ததை உரக்கப் படித்தான், நான் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே போனேன். கடைசித் தொகுதி ஏஇ09. “சரிதான் மாமா, அடுத்தது?” என்றான். ‘ஷா256சம் -சி’ என்றேன்.